ஆறாவது பிறந்தநாளுக்கு அடிச்ச ஃப்ளெக்ஸ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டா, எதிர்ல நிக்கறவங்க வாயத் திறக்கறதுக்குள்ள நாலு வார்த்தை பேசி அடக்கிடுவேன். சின்னவளோட ஆறாவது பிறந்தநாளை கிறிஸ்மஸ் மாதிரியே கொண்டாடணும்னு நான் சொன்னப்போ எங்க வூட்டுக்காரர் என்னவோ சொல்ல வந்தாரு. சொல்ல விடல.

முதல்லேர்ந்தே சொல்லிடறேன். எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ அஞ்சு வயசுல செத்துப்போனா. ஐப்பசி மழையில வந்த ஜுரம். நாலே நாள். ரெண்டு வருஷம் கழிச்சு, கிறிஸ்மஸ் முடிஞ்ச மூணாம் நாள், சின்னவ பொறந்தா.

பெரியவளுக்கு ஆடி மாசம் பிறந்தநாள். அஞ்சாவது பிறந்தநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, எந்த ஊருப் பிள்ளையோட பிறந்தநாளையோ செல்போன்ல பார்த்துட்டா. பஞ்சுல பனி கொட்டிக் கெடக்குது, பிள்ளைங்க தலையிலெல்லாம் சிவப்புக் குல்லா, நடுவுல கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கிட்டு வர்றாரு. அவ்வளவுதான், எனுக்கும் அதே மாதிரி வேணும்னு ஒரே அடம். "ஆடி மாசத்துல எந்தப் பைத்தியக்காரியாவது குடில் கட்டி ஸ்டார் தொங்கவிடுவாளாடி? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்"னு கத்தினேன். அழுதா. அந்த அழுகையை நிறுத்தணுமேன்னு, "சரி, ஆறாவது பொறந்தநாளுக்கு அப்படியே பண்ணலாம், போ"ன்னேன். "சத்தியமா?"ன்னா. "சத்தியமா"ன்னேன். அவளுக்கு ஆறு வரவே இல்ல.

அதனால சின்னவ கிறிஸ்மஸ் வாரத்துல பொறந்ததும் தெருவே ஒரே வாயா சொல்லுச்சு: "கேட்டதை வாங்கத்தான் திரும்பி வந்திருக்கா." மூக்கைப் பார்த்தாங்க, நெத்தியைப் பார்த்தாங்க, "அவளே தான், அச்சு அசல்"னாங்க. நாங்க கத்தோலிக்கக் குடும்பம். செத்தவங்க மறுபடி பொறப்பாங்கன்னு நம்பறது பாவம்னு பங்குசாமி பிரசங்கத்துலயே சொல்வாரு. கோயில்ல உக்காந்து தலையாட்டுவோம். வூட்டுக்கு வந்ததும் குழந்தைய மடியில போட்டு, "எங்கடி போயிருந்தே இத்தினி நாளு?"ன்னு கேப்பேன்.

ஞானஸ்நானத்துல பெரியவ பேரையே வெச்சோம். எங்க வழக்கத்துல மூத்த பொண்ணுக்கு அப்பனைப் பெத்தவங்க பேரு. சின்னவளுக்கு வேற பேரு தேடணும்னு யாருக்கும் தோணவே இல்ல. மாலை போட்டு மாட்டியிருந்த பெரியவ போட்டோவை நானே கழட்டி, துணி சுத்தி பீரோவுக்குள்ள வெச்சேன். உசுரோட இருக்கற புள்ளைக்கு எவளாவது மாலை போடுவாளா? நவம்பர் மாசக் கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கிட்டுப் போகும். நாங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்போம். சின்னவகிட்ட அக்கா ஒருத்தி இருந்தான்னு நாங்க சொன்னதே கிடையாது.

ஆனா பயம் மட்டும் விடல. வந்தவ தங்குவாளா? போன தடவ அஞ்சோட போனவ, இந்தத் தடவ ஆறைத் தாண்டுவாளா? அஞ்சு முடியற அந்த ஒரு வருஷமும் எனக்கு நல்ல தூக்கம் கிடையாது. லேசா இருமினாலும் மொரப்பூருக்குத் தூக்கிக்கிட்டு ஓடுவேன். டாக்டர் ஒருநாள் சிரிச்சுக்கிட்டே, "புள்ள நல்லாத்தாம்மா இருக்கு, உங்களுக்குத்தான் மருந்து தரணும்"னாரு. எனக்குள்ள ஒரே கணக்கு: சத்தியம் பண்ணதைச் செஞ்சுட்டா இவ தங்கிடுவா. செய்யலன்னா, கேட்டுப் பார்த்து ஏமாந்து திரும்பிப் போயிடுவா.

அதான் அந்த டிசம்பர் முழுக்க எனக்குப் பேய் பிடிச்ச மாதிரி வேலை. நான் பால்வாடி டீச்சர். காகிதம், கத்திரி, பசை எல்லாம் கைக்குப் பழகினது. தெர்மாகோல்ல பனிமனுஷன் வெட்டினேன். பஞ்சை நூல்ல கோத்துக் கூரையிலேர்ந்து தொங்கவிட்டேன். கிறிஸ்மஸுக்குக் கட்டுன குடிலைப் பிரிக்காம அப்படியே வெச்சு, அதைச் சுத்தியே பிள்ளைங்களை உக்காரவைக்கணும்னு திட்டம். தெருப் பிள்ளைங்க, பால்வாடிப் பிள்ளைங்க, இவ கூட ஒண்ணாவது படிக்கறதுங்க, எல்லாருக்கும் தருமபுரிக்குப் போய்ச் சிவப்புக் குல்லா வாங்கினேன்.

சின்னவ என் பின்னாடியே சுத்திக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"ம்மா, கேக்கு கூட்ஸ் வண்டி மாதிரி வேணும்மா."

மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் போறப்பெல்லாம் கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டின்னு எண்ணி முடிக்காம நகரமாட்டா. இஞ்சினு, கேட்டு, பச்சைக் கொடி, இதே பேச்சு.

"கிறிஸ்மஸ் பொறந்தநாளுக்கு எவளாவது கூட்ஸ் வண்டி வெட்டுவாளா? குடில் கேக்கு சொல்லியாச்சு. உனுக்கு அதான புடிக்கும்?"

"எனுக்கு எப்ப புடிச்சுது?"

நான் தெர்மாகோல்ல பசையைத் தடவிக்கிட்டே இருந்தேன். கிறிஸ்மஸ் தாத்தாவுக்கும் சொல்லிட்டேன்னதும் மூஞ்சி சுண்டிப்போச்சு. கேரல் பாடிக்கிட்டு முகமூடி போட்ட தாத்தா வந்தா, பெரியவ அவர் கையைப் புடிச்சுக்கிட்டு நாலு தெரு கூடவே ஆடிக்கிட்டுப் போவா. இவ கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா. வருஷா வருஷம் அப்படித்தான். அன்னைக்குத்தான் எங்க வூட்டுக்காரர் மெதுவா ஆரம்பிச்சாரு.

"இந்தா புள்ள, அவதான் பயப்படறாளே. தாத்தா வேணாம். யாருக்காக இதெல்லாம் பண்றே நீ?"

"யாருக்கா? பொறந்தநாளு யாருக்கு? உங்களுக்கா எனுக்கா? பால் வண்டி ஓட்டறவரு வண்டியப் பாருங்க, இதை எங்கிட்ட உடுங்க."

அவரு சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. சண்டைன்னா கூட எனக்குச் சரிசமமா நிக்கமாட்டாரு. பாவம்.

ஃப்ளெக்ஸ் இல்லாம எங்க பக்கம் எது நடக்குது? காதுகுத்து, கிரகப்பிரவேசம், சாவு, எதுன்னாலும் வாசல்ல ஃப்ளெக்ஸ் நிக்கணும். நான் எப்பவும் போற கடைக்கு போன் போட்டேன். பாப்பா பேரு, ஊரு சொன்னேன். கிறிஸ்மஸ் டிசைன், ஆறாவது பிறந்தநாள்னேன். போட்டோ கேட்டாரு. அடுப்புல பால் பொங்குது, எனக்கு எங்க நேரம்? "உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், போன வருஷமும் உங்ககிட்டதான அடிச்சோம்"னு சொல்லி வெச்சுட்டேன். சாயங்காலம் டிசைன் வாட்ஸப்புல வந்துச்சு. பனி கொட்டுது, ரெண்டு பக்கமும் மான், நடுவுல சிவப்புக் குல்லா போட்டுக்கிட்டு என் பொண்ணு சிரிக்கறா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போனுக்கே முத்தம் குடுத்தேன். "சூப்பர், அடிச்சுடுங்க"ன்னு அனுப்பினேன். கண்ணு பட்டுடும்னு ஸ்டேட்டஸ் கூட வெக்கல. யாருக்கும் காட்டல. ரெண்டு நாளும் வேலைக்கு நடுநடுவுல அதை நான் மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டேன்.

பிறந்தநாள் அன்னைக்கு மத்தியானம் எங்க வூட்டுக்காரர் கடைக்குப் போய் ஃப்ளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்தாரு. கேட்டுக்குப் பக்கத்துல ரெண்டு கம்பு நட்டு, மேல் முனையைக் கட்டிட்டு, சுருளை அப்படியே கீழ விட்டாரு. விட்டவரு கயித்தைக் கையில புடிச்சபடியே நின்னுட்டாரு. எதிர் வூட்டு அக்கா தண்ணிக் குடத்தோட வந்தவங்க, "சேசு மரி சூசையே"ன்னு சிலுவை போட்டுக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நல்லாத்தான இருக்குது, எல்லாம் ஏன் இப்படி நிக்குதுன்னு பார்க்கறேன்.

சின்னவ புது கவுனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. எழுத்துக்கூட்டிப் படிக்கற வயசு. தன் பேரை ஒவ்வொரு எழுத்தா படிச்சு முடிச்சா. அப்புறம் அண்ணாந்து போட்டோவைப் பார்த்தா.

"ம்மா, யாரும்மா இது? பேரு மட்டும் என்னுது போட்டிருக்குது?"

"நீதான் கண்ணு."

"நான் இல்லம்மா."

"நீதான்டி. குல்லா போட்டதால அப்படித் தெரியுது."

"நான் இல்ல! எனுக்கு இங்க மச்சம் இருக்குதா பாரு? இது வேற பாப்பா."

பார்த்தேன். போட்டோவுல வலது கன்னத்துல மச்சம். பெரியவளுக்கு அந்த மச்சத்துலதான் நான் தினமும் மை வெப்பேன். அதுக்கும் கீழ, தோள்பட்டை ஓரத்துல, ஆரஞ்சு நிறத்துல என்னவோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தேன். சாமந்திப்பூ. பெரியவ செத்தப்போ இதே கடையிலதான் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிச்சோம். கடைக்காரர் நான் சொன்ன பாப்பா பேரைப் போட்டுத் தேடியிருக்காரு. அந்தப் படம் வந்திருக்குது. மாலையை அழிச்சிருக்காரு, ரெண்டு பக்கமும் இருந்த குத்துவிளக்கை எடுத்துட்டு மான் வெச்சிருக்காரு. ஒரு பூவை மட்டும் விட்டுட்டாரு.

அவர் மேல என்ன தப்பு? எது எந்தப் புள்ளன்னு அவருக்குத் தெரியுமா? பால்வாடியில இருபத்தஞ்சு பிள்ளைங்களை முதுகைப் பார்த்தே யாருன்னு சொல்லுவேன் நான். ரெண்டு நாள் அந்தப் படத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கொஞ்சியிருக்கேன். செத்த பொண்ணா உசுரோட இருக்கற பொண்ணான்னு பெத்தவளுக்குத் தெரியலயே. அப்படியே கேட்டைப் புடிச்சுக்கிட்டேன்.

எங்க வூட்டுக்காரர்தான் கயித்தைக் கீழ போட்டுட்டு அவ முன்னாடி குத்தவெச்சு உக்காந்தாரு. "அது உங்க அக்கா சாமி. உனுக்கு முன்னாடி எங்களுக்குப் பொறந்தவ. ஜுரம் வந்து செத்துட்டா." எட்டு வருஷத்துல அந்த வார்த்தை எங்க வாசல்ல வந்தது அன்னைக்குத்தான்.

அவ மறுபடி அண்ணாந்து அந்தப் போட்டோவைப் பார்த்தா. அப்புறம் கேட்டா:

"அவ ஏன் என் பேர வெச்சிருக்கா?"

அவரு என்னைப் பார்த்தாரு. எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கற என் வாய் அன்னைக்கு ஒட்டிக்கிச்சு. கஷ்டப்பட்டுச் சொன்னேன்: "உன் பேரு இல்லடி. அவ பேரு அது. நாங்கதான் எடுத்து உனுக்கு வெச்சோம்."

"அப்ப என் பேரு என்ன?"

அவ மூஞ்சியப் பார்த்தேன். சத்தியமா சொல்றேன், அன்னைக்குத்தான் பார்த்தேன். கண்ணு சின்னது, என் தம்பி கண்ணு. புருவம் அவங்க அப்பாவோடது. மேல் பல் ரெண்டும் விழுந்து ஓட்டையா இருக்குது. இதுல எதுவுமே பெரியவகிட்ட கிடையாது. அச்சு அசல்னு எப்படிச் சொன்னோம்? ஆறு வருஷமா யாருக்குச் சோறூட்டினேன் நான்?

அதுக்குள்ள தெருமுனையில பிள்ளைங்க சத்தம் கேட்டுச்சு. குல்லாவை மாட்டிக்கிட்டு கூட்டமா வருதுங்க. அவரு ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி உள்ள கொண்டுபோய் வெச்சாரு. தாத்தா வேஷம் போடறவருக்கு போன் போட்டு வரவேணாம்னுட்டாரு. நான் தடுக்கல. பிள்ளைங்க பஞ்சைப் பிச்சு ஒண்ணு மேல ஒண்ணு எறிஞ்சு விளையாடுச்சுங்க. சின்னவளும் விளையாடினா. நடுநடுவுல மட்டும் நின்னு, உள்ள பார்ப்பா.

கேக்கை வெச்சு ஆறு மெழுகுவத்தி ஏத்தினோம். எல்லாரும் கைதட்டிப் பாடினாங்க. பேரு வர்ற இடத்துல அவ என் வாயவே பார்த்தா. நான் பாடல. ஒரே மூச்சுல ஆறையும் ஊதி அணைச்சா. பிள்ளைங்க ஹோன்னு கத்துச்சுங்க. ஆறு வந்துடுச்சு. பயந்துக்கிட்டு இருந்த ஆறு வந்தேடுச்சு. என் பொண்ணு வாயெல்லாம் க்ரீமோட நிக்கறா, அவளுக்கு ஒரு குறையும் இல்ல.

நான் அடுப்படிக்குள்ள போய்த் தரையில உக்காந்தேன். எங்கேர்ந்து வந்துச்சோ அந்த அழுகை. முந்தானையை வாயில திணிச்சும் நிக்கல. அவரு ஓடி வந்து, "ஏய், நல்ல நாளும் அதுவுமா ஏன் அழுவறே? அதான் ஆறு வந்துடுச்சே. புள்ள நல்லாத்தான இருக்கா"ன்னாரு.

அவருக்கு எப்படிப் புரியவைப்பேன்? வெளிய இருக்கறவ நல்லாத்தான் இருக்கா. அவ வேற ஒருத்தி. செத்தவ யாரும் அவளா திரும்பி வரல. அப்படின்னா, நான் சத்தியம் பண்ணிக் குடுத்தவ வரவே இல்ல. இனிமே வரவும் மாட்டா. ஊருக்கெல்லாம் எட்டு வருஷத்துக்கு முன்னாடி செத்தவ, எனக்கு அன்னைக்கு சாயங்காலம்தான் செத்துப்போனா.