யாரிடமும் சொல்லக்கூடாத ஆறு இலக்கம்

அந்த வீடியோ கேம் கன்சோல் எனக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டவர்கள் எல்லாரும் "பையனுக்கா?" என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பையனே இல்லை. நாற்பதைத் தொடப்போகிற, உப்பல் பகுதியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதித்துச் சம்பாதிக்கிற நான், எனக்காக வாங்க நினைத்தேன். சின்ன வயதில் அண்ணன் ஆடி முடித்து என் முறை வரும்போது கரண்ட் போய்விடும், இல்லாவிட்டால் அம்மா கூப்பிடுவாள். இந்த ஒரு தடவையாவது, வெளியாகிற அன்றைக்கே, முதல் ஆளாக நான் ஆட வேண்டும். அதற்காக லீவுகூட எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முன்பதிவு பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்றார்கள். முன்கூட்டியே பணம் கட்டியாக வேண்டும். கட்டினால் ஓடிபி என் கணவரின் போனுக்குப் போகும். சம்பளம் என்னுடையது, கணக்கு என் பெயரில், போன் எண் மட்டும் அவருடையது. கல்யாணமான புதிதில் வங்கியின் குஷாய்குடா கிளையில் படிவத்தை அவர்தான் நிரப்பினார். எனக்கும் அப்போது போன் இருந்தது. அவர் தன் எண்ணை எழுதினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. வீட்டில் இருக்கும்போது அவரே எண்ணைப் பார்த்து அவரே அடித்துவிடுவார், அதனால் பதினோரு வருஷம் இது உறைக்கவே இல்லை.

அவர் வேலை செய்கிற எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு சைரன் ஊதியதும் வெளியே வந்து போனோடு நிற்பதாகச் சத்தியம் செய்திருந்தார். நின்றார். அதில் குறையே சொல்ல முடியாது.

நான் பணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டேன். திரையில் மூன்று நிமிடம் ஓடத் தொடங்கியது. போன் செய்து எண்ணைக் கேட்டேன். மறுமுனையில் அவர் மெசேஜைப் பொறுமையாகப் படிப்பது கேட்டது.

"இதுல யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"நான் உங்க பொண்டாட்டிங்க."

"ஹவ், தெரியும். ஆனா போன்லதானே கேக்குறே. ரிஸ்க் நக்கோ, வேணாம். சாயந்திரம் வந்து நானே போட்டுத் தரேன்."

போன வாரம் ஆலையில் மோசடி பற்றி வகுப்பு எடுத்திருக்கிறார்கள். மனைவியின் குரலிலேயே பேசி ஏமாற்றுகிறார்களாம். கையை நீட்டி உறுதிமொழி வேறு எடுத்திருக்கிறார். எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் ஏமாறுவார்கள், உறுதிமொழி எடுத்துவிட்டால் மட்டும் அசையமாட்டார்கள். நான் கத்தினேன். கத்தக் கத்த அவருக்குச் சந்தேகம் அதிகமானது. மூன்று நிமிடம் முடிந்தது. மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போவதற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் நான்தான், சம்பாதித்தவளும் நான்தான், பூசாரி மட்டும் கேட்டில் டிபன் பாக்ஸோடு நின்றார்.

சாயந்திரம் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சரி, இப்ப போடலாமா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தீர்ந்துவிட்டது என்றதும், இரண்டு மாதத்தில் கடையிலேயே கிடைக்கும், அதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்றார்.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு வங்கிக்குப் போனேன். போன் எண்ணை மாற்றும் படிவத்தை வாங்கிப் பார்த்த ஊழியர் தெலுங்கில், "சார்கு தெலுசா மேடம்?" என்றார். சாருக்குத் தெரியுமா என்று கேட்கிறார். கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதன்பின் முத்திரை குத்தினார். கோபத்தில் நான் கையெழுத்தை அழுத்திப் போட்டதில், அடியிலிருந்த தாள்வரை பதிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து இரண்டாவது சுற்று முன்பதிவு அறிவித்தார்கள். அதே பன்னிரண்டு மணி. ஓடிபி என் கையிலிருந்த போனில் வந்து விழுந்தது. அடித்தேன். பதிவு உறுதி என்று வந்தது. அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருஷமாக இது இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கிறது என்று நினைத்ததும் கோபம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சாப்பாட்டு நேரம் முடியப்போகும்போது அவரே கூப்பிட்டார். நான் சொல்லாமலே தேதியை நினைவில் வைத்து, சாப்பிடாமல் கேட்டில் வந்து நின்றிருக்கிறார்.

"இந்தத் தடவை சொல்லிடறேன். ஆனா ஓடிபி வரவே இல்லையே?"

"எனக்கு வந்துச்சு."

மெதுவாகக் கேட்டார். "உனக்கா? என்ன நம்பர்?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குங்க."

பின்னால் சைரன் ஊதியது. போனைப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் உள்ளே போக வேண்டிய நேரம்.