வி.கே.புரத்தில் கொல்லன் தெருவில் ஊசி விற்றேன்

1996 ஜூலையில் நான் விக்கிரமசிங்கபுரம் போனது அருவியில் குளிக்க அல்ல. அப்போது பாளையங்கோட்டையில் மனநல நர்ஸாக இருந்தேன். வளரும் பிள்ளைகள் மனம் சோர்ந்துபோனால் பெரியவர்கள் எப்படித் துணை நிற்பது என்று மூன்று ஞாயிறு வகுப்பெடுக்க அந்த ஊர்ப் பெற்றோர் கூப்பிட்டிருந்தார்கள். இதே மாதிரி வகுப்பெடுக்கப் போகிற சிலர் இப்போது விவரம் கேட்டதால் எழுதுகிறேன்.

நெல்லை ஜங்ஷனில் காலை 7.10 பஸ். சேரன்மாதேவி, அம்பை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் ஒன்பது ரூபாய். சாரல் காலம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் சேலை நனையும், உட்காராவிட்டால் ஆற்றைப் பார்க்க முடியாது. நான் நனைந்தேன்.

முதல் வகுப்பு படுதோல்வி. வந்த இருபத்திரண்டு பேரில் முக்கால்வாசி நூல் மில் தொழிலாளர்கள். ‘குறுக்கே பேசாமல் கேளுங்கள்’ என்று கரும்பலகையில் எழுதி, ஜோடி ஜோடியாகப் பேசிப் பழகச் சொன்னேன். அம்மாடியோ! மில் இரைச்சலில் காது மந்தமாகி எல்லாருமே உரக்கப் பேசினார்கள்; ஆறுதல்கூடச் சண்டை மாதிரிக் கேட்டது.

முடிந்ததும் அந்த மில்லில் வேலை பார்க்கும் மாடசாமி அண்ணாச்சி தயங்கி நின்றார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அவர் மகள் செல்வி மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சே இல்லை.

“நயமாத்தான் கேக்கேன் சிஸ்டர், வாயத் தொறக்க மாட்டுக்கா. பேய்னு எங்கக்கா சொல்லுதா. வர்ற அமாவாசைக்குப் பேயோட்டுற கோடங்கிகிட்ட கூட்டிட்டுப் போணுமாம்.”

அந்த ‘நயம்’ தெருமுனை வரை கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அமாவாசைக்கு எட்டே நாள்.

“மில்லுக்குள்ள எப்படி அண்ணாச்சி பேசுவீங்க?”

“அந்த இரைச்சல்ல எவன் காதுல விழும்? மூஞ்சியப் பாத்துதான்” என்றவர், வாசலில் சைக்கிளோடு நின்ற கூட்டாளியிடம் உதட்டை மட்டும் அசைத்தார். அவரும் சத்தமில்லாமல் பதில் சொன்னார். “அவனுக்குத் தலவலியாம். ராத்திரி ஷிப்டு.”

அசந்துபோனேன். முகம் பார்த்துப் புரிந்துகொள்ள இவர்களுக்கா பாடம் நடத்தினேன்? “இதையே வீட்டில் செய்யுங்கள். அவள் பேசினால் புத்தி மட்டும் சொல்லாதீர்கள்” என்றேன்.

அடுத்த ஞாயிறு பஸ் நிற்கும்போதே ஓடி வந்தார். “பேசிட்டா சிஸ்டர்! சத்தமே போடாம எதிர்ல உக்காந்து ‘என்னம்மா’ன்னு உதட்ட மட்டும் அசைச்சேன். ரெண்டு நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. மூணாம் நாளு, ‘தூக்கமே வரலப்பா, பயமா இருக்கு’ன்னா. நான் புத்தி ஒண்ணும் சொல்லல. அழுதுட்டேன்.” நானும் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதேன். மறுநாளே டாக்டரிடம் அழைத்துவரச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: ஷிப்ட் நேரம் கேட்டு வகுப்பு வையுங்கள். பேய் என்று யாராவது சொன்னால் கேலி செய்யாதீர்கள், அவர்களும் பயந்துபோய்த்தான் சொல்கிறார்கள். டாக்டர் பார்க்கும் நேரத்தையும் பஸ் நேரத்தையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுங்கள். கரும்பலகையை மறந்துவிடலாம்.

மறுநாள் திங்கள், அமாவாசை. கோடங்கியிடம் போகவிருந்த பிள்ளை பாளையங்கோட்டையில் டாக்டர் முன் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சியோடு துணைக்கு வந்தது யார் தெரியுமா? பேய் என்று சொன்ன அதே அக்கா! “என்னம்மா செய்யுது?” என்று டாக்டர் கேட்டதும் செல்வியை முந்திக்கொண்டு அந்த அக்கா வாயைத் திறந்தாள். அண்ணாச்சி உதட்டை மட்டும் அசைத்து அவளை அடக்கினார். செல்வி தானே சொல்லத் தொடங்கினாள், பத்து நிமிஷம் நிறுத்தவில்லை.