கண்டெய்னர் கதவில் சி பிளஸ் பிளஸ்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் யாரும் குதிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பாஸ். கணக்கில் மட்டும் தட்டுத்தடுமாறிப் பாஸ். நான் கேட்டதோ பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப். எங்கள் பள்ளியில் அந்தக் குரூப்புக்குக் கணக்கு மார்க்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். அட்மிஷனுக்குப் போன அன்று எச்.எம். என் மார்க்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "காமர்ஸ் எடுத்துக்கோம்மா, உனக்கு அதுதான் சரிப்பட்டு வரும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு எது சரிப்படும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும் போல, எனக்குத்தான் தெரியவில்லை!

"வேணாம் மிஸ். எனக்குக் கம்ப்யூட்டர் குரூப்தான் வேணும்."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "வாடி, பின்னாடி எத்தினி பேர் நிக்கிறாங்க பாரு." நான் அசையவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் மிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது மிஸ். கத்துப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஸ்கூல் திறக்கிற அன்னைக்கு வா. போர்டுல ஒரு புரோகிராம் எழுதச் சொல்வேன். எந்த லாங்குவேஜ்ல வேணும்னாலும் எழுது. எழுதிட்டா மேடம்கிட்ட நான் பேசறேன். எழுதலைன்னா மறு பேச்சு பேசாம காமர்ஸ்ல போய் உக்காரணும்." எச்.எம். கையை ஆட்டினார். என்னை முதலில் அங்கிருந்து அனுப்பினால் போதும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

எந்த லாங்குவேஜ்? அங்கே ஆரம்பித்தது பேஜாரு. ஐ.டி. கம்பெனிக்குப் போகும் மாடி வீட்டு அக்கா, "பைத்தான்தான். ரெண்டு வரியில முடிஞ்சிடும், கண்ணை மூடிக்கினு கத்துக்கலாம்" என்றாள். தேரடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன், "அதெல்லாம் சும்மா பீலா. சி தெரியாதவன் ஒண்ணுமே தெரியாதவன்" என்றார். என் கூடப் படித்தவள், "ஆப் செய்யணும்னா ஜாவாதான்டி" என்றாள். இவள் எப்போது ஆப் செய்தாள் என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அதனால் கேட்கவில்லை. ஆளுக்கொரு திசையில் இழுத்ததில் முதல் வாரம் வீணாகப் போனது. நான் ஒரு வரி கூட எழுதவில்லை.

கடைசியில் எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு அக்காவிடம் அவளுடைய பழைய பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். உள்ளே இருந்தது சி பிளஸ் பிளஸ். பைத்தான் அடுத்த வருடம்தான் வருமாம். அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டேன். எந்த வகுப்பில் எனக்கு இடமில்லை என்றார்களோ, அந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கப்போவதையே முதலில் படிப்பது. மாடி வீட்டு அக்கா, "கஷ்டமா இருக்கும்டி" என்றாள். "இருக்கட்டும்" என்றேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தது ஒரே ஒரு நல்ல போன், அதுவும் நைனாவுடையது. நைனா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். சில நாள் காலையில் வரிசையில் சேர்ந்தால் சாயங்காலம்தான் கேட் கண்ணில் படும். முன்வண்டி எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. நகரும்போது நீங்களும் நகரவில்லை என்றால் எவனாவது நடுவில் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் டிரைவர்கள் வண்டியை விட்டுத் தூரப் போக மாட்டார்கள். பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு வரிசைக்கே வந்துவிடும். அந்த லீவில் சாப்பாட்டுக் கேரியர் என் பொறுப்பானது. நைனா கேபினில் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுகிற வரை போன் எனக்கு.

போனில் புரோகிராம் எழுத ஒரு ஆப் போட்டுக்கொண்டேன். புத்தகத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக அடித்து ஓட்டினேன். இரண்டு எண்ணைக் கூட்டியது, ஒற்றையா இரட்டையா என்று சொன்னது, வாய்ப்பாடு போட்டது. ஏறி உட்கார்ந்தால் சுடுகிற அந்த சீட்டில் வியர்த்து வழிந்துகொண்டு ராணி மாதிரி இருந்தேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பந்தா என்று நினைத்தேன்.

ஒரு நாள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து போன் மேல் போன் வந்தது. "குடும்மா, அவன் அடிச்சுகினே கீறான். இன்னிக்கு உனக்குப் போன் கிடையாது" என்று நைனா பிடுங்கிக்கொண்டார். எனக்கு ஆத்திரம். கீழே இறங்கினேன். எங்களுக்கு முன்னால் நின்ற டிரெய்லரின் பின்கதவில் கரியும் புழுதியும் அப்பிக் கிடந்தது. எக்கினால் கை எட்டியது. போன் இல்லாவிட்டால் என்ன என்று விரலாலேயே எழுத ஆரம்பித்தேன்.

ஆரம்பிக்க முடியவில்லை. முதல் வரி என்ன?

ஹேஷ் போட்டு என்னவோ வரும். அதற்குக் கீழே இன்னொரு வரி வரும். புது ஃபைல் திறந்ததும் அந்த வரிகளை எல்லாம் ஆப்பே போட்டு வைத்திருக்கும், நான் நடுவில் மட்டும் அடிப்பேன். ஃபிளவர் பிராக்கெட்டை நான் திறந்தால் அது மூடும். வரிக் கடைசியில் செமிகோலன் விட்டுப்போனால் சிவப்பில் காட்டிக்கொடுக்கும். பாதி புரோகிராமை எனக்குப் பதிலாகப் போன்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது! பள்ளிக்கூடத்தில் கரும்பலகை எனக்காக பிராக்கெட் மூடாது. நிஜமாகவே அழுகை வந்தது. கை கரியாக இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

மறுநாளிலிருந்து போனை நான் கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்துப் போனேன். கேபினில் ஒரு புரோகிராமைப் படிப்பது, மூடி வைத்துவிட்டுக் கீழே இறங்கி முன்வண்டிக் கதவில் முழுசாக எழுதுவது. கால் நீட்ட இறங்கிய முன்வண்டி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, என் வண்டில கோலம் போட்டுகினு கீற?"

"கோலம் இல்ல மாமா. கம்ப்யூட்டர் பாடம்."

"தோ பார்றா! மாமு, உன் பொண்ணு இன்னாத்தயோ கிறுக்கிக்கீது. கேட்ல செக்கிங்காரன் இது இன்னாடான்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

நைனா கேபினிலிருந்து தலையை நீட்டினார். "சி பிளஸ் பிளஸ்ஸுன்னு சொல்லு. அவன் மெர்சலாயிடுவான்." அந்தப் பெயர் அவர் வாயில் சரியாக வந்ததே எனக்கு ஆச்சரியம்.

பெரிய தொல்லை வேறு. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது வரிசை நகரும். "தள்ளி வா, தள்ளி வா!" என்று நைனா கத்துவார். என் புரோகிராம் முன்வண்டியோடு ஓடிப்போகும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் பார்த்து எழுதின மாதிரி ஆகிவிடும். வண்டி நின்றதும் ஓடிப்போய், கதவில் மிச்சம் இருக்கும் இடத்தில் மறுபடி முதலிலிருந்து எழுதுவேன். சில நாள் எங்கள் வண்டியை வேறு யார்டு வரிசைக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே முன்னால் கழுவித் துடைத்த புதுக் கண்டெய்னர் பளபளவென்று நிற்கும். அன்றைக்கு அதன் மட்கார்டில் எழுதினேன். வரிசையிலிருந்த டிரைவர்கள் என்னை "இன்ஜினியரம்மா" என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளி திறந்தது. கம்ப்யூட்டர் மிஸ் மறந்திருப்பார் என்று அம்மா சொன்னாள். மறக்கவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்தார். "மூணு நம்பர் வாங்கி, அதுல பெருசு எதுன்னு சொல்லணும். எழுது." எச்.எம். வாசலில் நின்றார்.

ஹேஷிலிருந்து கடைசி பிராக்கெட் வரை எழுதினேன். மிஸ் வரி வரியாகப் படித்தார். "பரவாயில்லையே. இப்போ சின்னது எதுன்னு சொல்ற மாதிரி மாத்து."

இவ்வளவுதானா என்று பெருசு-சின்னது பார்க்கும் குறியைத் திருப்பிப் போட்டேன். "ஏழு, மூணு, ஒம்பது கொடுத்தா என்ன வரும்?" என்று கேட்டார். வாயைத் திறந்தவள் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். விடையை வைக்கும் இடத்தில் ஆரம்பத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். பெரியதைத் தேடும்போது அது உதைக்கவில்லை. சின்னதைத் தேடினால் ஏழும் மூன்றும் ஒன்பதும் பூஜ்யத்துக்குக் கீழே எப்படி வரும்? எதைக் கொடுத்தாலும் பூஜ்யம்தான் வரும்.

"தப்பு இருக்கு மிஸ்."

"சரி, போதும்" என்றார் எச்.எம். வாசலிலிருந்து.

"போதாது மிஸ்!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும். இருங்க." யாராவது சரி என்று சொல்வதற்குக்கூடக் காத்திருக்காமல் போர்டு முழுவதையும் துடைத்தேன். மறுபடி முதல் வரியிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை பூஜ்யத்தை எடுத்துவிட்டு, வாங்குகிற முதல் எண்ணையே அந்த இடத்தில் வைத்தேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. அதே எண்களை வரி வரியாகப் போட்டுப் பார்த்தேன், விடை மூன்று வந்தது.

மிஸ் எச்.எம்.மைத் திரும்பிப் பார்த்தார். "தப்பை அவளே புடிச்சா மேடம்."

எச்.எம். வாசலிலிருந்து உள்ளே வந்தார். பிறகு என்னிடம், "அரையாண்டுல கணக்குல ஃபெயில் ஆனா அன்னைக்கே காமர்ஸ். அப்போ அழக் கூடாது" என்றார்.

"அழ மாட்டேன் மிஸ்."

கம்ப்யூட்டர் லேபில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. கடைசி மேஜையில் இருவருக்கு நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அரையாண்டில் கணக்கில் நான் எடுத்த மார்க்கை வெளியில் சொல்லிப் பெருமைப்பட முடியாது. ஆனால் பாஸ். அந்த ஸ்டூலிலிருந்து யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.