கொண்டைக்குருவிக்கு விட்ட மூன்று வரிசை

பந்தல் திராட்சை போட்டவர்களுக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்துப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கும் அந்த வலி உண்டென்றால் பக்கத்தில் உட்காருங்கள், இது நமக்குள் பேச்சு.

எழுபதுகளின் கடைசியில், ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும் சாலையோரம் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மாதா கோயிலில் பூசைக்கான திராட்சை ரசம் தயாரிக்கும் பிரதர்தான் எங்களுக்கு வாடிக்கை. இரண்டு வருஷமாகப் பழம் சரியில்லை. இந்த முறையும் அவர் வெறுங்கூடையோடு திரும்பினால் பந்தலைப் பிரித்துவிட்டு வேர்க்கடலை போடுவதென்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம்.

போக வர வழி

வைகாசியில் கவாத்து. கிளையை ஒட்ட வெட்டினால்தான் புதுத் துளிர் வந்து பூக்கும். வெட்டுவதற்கு மலையிலிருந்து சடையன் வருவார். அந்த வருஷம் ஒரு கொடியில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருந்தது. கூடு இருக்கும் கொடியைக் குஞ்சு பறக்கும்வரை தொடுவதில்லை என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். "அந்தக் கொடிய மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மூன்று வரிசை அப்படியே நிற்கிறது. எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. இதெல்லாம் இருபது நாள் தள்ளிப் பழுக்குமே, பிரதருக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினேன். சடையன் கத்தரியை என்னிடமே நீட்டினார்.

"மொத்தமும் மொட்டையடிச்சா காக்கா பாத்துடும்மா. தாய்க்குருவி போவ வர்ற வழி வோணாவா? மனசு வந்தா நீங்களே வெட்டிக்கங்க."

வெடித்த பழம்

எனக்கு மனசு வரவில்லை. இருபது நாள் கழித்து, குஞ்சுகள் பறந்த பிறகுதான் சடையன் வந்து அந்த மூன்று வரிசையையும் வெட்டினார். ஆவணியில், அறுவடைக்கு நாலு நாள் இருக்கும்போது, விடாமல் மழை. பழுத்ததெல்லாம் வெடித்துக் குளவி மொய்த்தது. பந்தலுக்கடியில் உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

பிரதர் வந்தார். வெடித்த பழம் ரசத்துக்கு ஆகாது. முகம் வாடி, கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்க ஆரம்பித்தவர், அந்த மூன்று வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார். காயாகவே இருந்ததால் மழை அவற்றை ஒன்றும் செய்யவில்லை. ஒரு காயைக் கடித்தார். கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"புளிக்குதும்மா. பரவால்ல, இருவது நாள் கழிச்சு வர்றேன். மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க."

தகரம்

இருபது நாளில் பழத்துக்கு நிறம் வந்தது. கூடவே கொண்டைக்குருவிகளும் வந்தன, குடும்பத்தோடு. விடிந்ததும் ஒரு பழைய தகரத்தை எடுத்துக்கொண்டு போய்த் தட்டுவேன். அவை அடுத்த கொத்துக்கு நகர்ந்து உட்காரும், அவ்வளவுதான். சாமை விற்க மலையிறங்கிய சடையன் வேலியோரம் நின்று என் கூத்தைப் பார்த்தார்.

"அதுங்க பொறந்த வூட்டுக்கு வந்துகீதுங்கம்மா. தகரம் தட்டுனா போயிடுமா?"

எட்டாவது கூடை

அதற்குமேல் தட்டக் கை எழவில்லை. சொன்ன நாளில் பிரதர் வந்தார், எல்லோருமாக அறுத்தோம். அவருக்கு எட்டுக் கூடை வேண்டும். ஏழு நிறைந்தது, எட்டாவது பாதியில் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் வேறு தோட்டம் பார்ப்பீர்களா என்று கேட்டேன். அவர் அரைக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

"அடுத்த வருசமும் இங்கதாம்மா. இந்த வருசத்துக்கு, பூசையில ஒரு சொட்டு கம்மியா ஊத்திக்கச் சொல்லி நான் சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன்."

திராட்சைத் தொழிலில் நாங்கள் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம், எங்கள் பேச்சைக் கேட்காத ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டதுதான்.