தோற்றதைத் தோற்றதாக எழுதிய அக்கா

எங்கள் துக்கத்தில் பங்கெடுத்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கு வணக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு லோரி ஓட்டப் போனவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் அக்காவின் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்குவதற்கு முன்பு, கூலிக்காரர் லயன் வீட்டில் பிறந்தார். மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு யாரும் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து நான் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். எனக்குப் பத்திரம் உண்டு. ஆகவே ஒரே வயிற்றில் பிறந்த எங்களில் எனக்கு நீல அடையாள அட்டை, அக்காவுக்குச் சிவப்பு. நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால், இருந்துவிட்டுப் போ என்று விட்டுவைக்கப்பட்டவர். "தாய்க்குத் தெரியாத பிள்ளையா?" என்று தோட்டத்தில் கேட்பார்கள். நாட்டுக்குத் தெரியவில்லையே!

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபின் எனக்குச் சோறு போட்டது அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிவப்பு அட்டைக்கு அரசாங்க வேலை கிடையாது; குத்தகைக்காரரிடம் சேர்ந்து விளையாட்டரங்கத்தில் துப்புரவு வேலை பார்த்தார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருந்தோம். அந்த அரங்கத்தில்தான் கால்பந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

தேசியக் குழு ஆடும் நாளின் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் யாரோடு ஆடினோம், எத்தனைக்கு எத்தனை என்று எழுதி, நூலில் கோத்து வைப்பார். நம் குழு மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றும் அரசியல் காரணத்தால் போகாமல் நின்றோமே, அந்தத் தாளில் 'ஜெயிச்சும் போகல' என்று மட்டும் இருக்கிறது. தொண்ணூறுகளில் காசு வாங்கி ஆட்டத்தை விற்ற ஆட்டக்காரர்கள் பிடிபட்டபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆசியக் கிண்ணத்தில், சொந்த மண்ணில், ஐந்து ஐந்து கோலாக வாங்கியதையும் மறைக்காமல் எழுதினார். புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இந்தோனேசியாவை மூன்றுக்குச் சைபர் என்று வென்ற அன்று, மலைபோல் கிடந்த குப்பையைச் சிரித்துக்கொண்டே கூட்டினாராம். உடன் வேலை செய்த ரொஹானி அக்கா இன்றும் சொல்வார்.

குடியுரிமை நேர்காணலுக்கு மூன்று முறை போனார். வானொலி வர்ணனை கேட்டே மலாய் கற்றவர். "இந்த நாட்டைப் பத்திச் சொல்லுங்க," என்று ஒரு முறை அதிகாரி கேட்க, அக்கா வர்ணனையாளர் குரலில் இடது ஓரம் பந்தை எடுத்துக் கோல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாராம். அதிகாரி கைதட்டிச் சிரித்துவிட்டு, "மலாய் பிரமாதம். பிறப்புப் பத்திரம் எங்கே?" என்றாராம்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் ஓர் ஏஜெண்டை வீட்டுக்கே அழைத்து வந்தேன்.

"அக்கா, நீ ஆஸ்பத்திரியில பொறந்த மாதிரி இந்த அண்ணன் பத்திரம் செஞ்சு தருவாராம். கையெழுத்துப் போட்டா போதும்."

"எந்த ஆஸ்பத்திரிடா?"

"ஏதோ ஒண்ணு. உனக்கென்னா?"

"அம்மா லயத்துல பாயில கெடந்து துடிச்சா. அத ஆஸ்பத்திரி கட்டிலுன்னு எழுதுவியா? பொய்யா பொறக்கச் சொல்றியா என்னை?" ஏஜெண்டைப் பார்த்து, "பாஸ், தேத்தண்ணிய குடிச்சிட்டுக் கெளம்புங்க லா," என்றார்.

பிழைக்கத் தெரியாதவர் என்று அன்றிலிருந்து ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முழங்கால் விட்டுப்போனதும் அக்கா கிள்ளானில் எங்களோடு வந்து தங்கினார். போன வருடம் குழு வரிசையாக ஜெயித்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதினார். அப்புறம் ஒரு நாள் என் மகள் கவிதா போனைப் பார்த்துக்கொண்டே, "அத்தே, ஜெயிச்சதுல சிலது செல்லாதாம்," என்றாள்.

"ஏன்டி?"

"நம்ம குழுவுல சேத்த வெளிநாட்டு ஆட்டக்காரங்களோட தாத்தா பாட்டி இங்க பொறந்தாங்கன்னு கால்பந்து சங்கத்துல பத்திரம் குடுத்தாங்கல்ல? அது போலியாம். மூணுக்குச் சைபர் தோத்ததா மாத்திட்டாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "டேய், தாத்தாவுக்குப் பத்திரம் போட்டுக் குடுக்குற கடை எங்கடா இருக்கு? நம்ம தாத்தாவுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா. பால் மரம் வெட்டியே செத்தாரு, பாவம்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒத்தக் காகிதம் இல்லன்னு என்னை இத்தன வருசம் வெளிய நிக்க வெச்சாங்க. நானும் சரி, சட்டம்னா சட்டம்னு நின்னேன். யாருக்காகடா நின்னேன்?"

"விடு அத்தே, அழிக்காத. நாம பாத்தோம்ல, கோல் போச்சுல்ல," என்றாள் கவிதா, அக்கா தாள்கட்டை எடுப்பதைப் பார்த்து.

"தோத்தா தோத்ததுதான். பேனாவ எடு."

செல்லாமல் போன வெற்றிகளின் தாள்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் அடித்துவிட்டுச் சைபர், மூன்று என்று எழுதினார். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரே பேசியது. மேய்ந்ததைக் கணக்கு வைத்தது என் அக்கா ஒருவர்தான். அதற்குப் பிறகு அவர் தாள் கிழிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தன்று தொலைக்காட்சியைப் போட்டோம். "வேற ஏதாச்சும் போடு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சில வாரங்களில், நான்காவது விண்ணப்பத்துக்குப் பதில் வருமுன், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அக்கா இங்கேதான் பிறந்தார் என்று சத்தியம் செய்ய ஜெஞ்சாரோமிலிருந்து இரண்டு முறை பஸ் ஏறி வந்த மருத்துவச்சியின் மகளுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. சவப்பெட்டியின் தலைமாட்டை விட்டு நகராமல் நின்ற ரொஹானி அக்காவுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த தம்பிகளுக்கும் நன்றி. அக்கா இறந்தார் என்பதற்கு, ஒரு சாட்சியும் கேட்காமல், அன்று காலையிலேயே பத்திரம் கொடுத்த அலுவலகத்துக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர் இங்கே பிறந்தார் என்பதற்குத்தான் எழுபது வருடத்தில் அவர்களால் ஒன்று கொடுக்க முடியவில்லை.