பக்கத்து சீட்டின் பிரேக்

பிரேக் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்குப் பொறுமைதான் முதல் மூலதனம் என்பார்கள். அது அவளிடம் மருந்துக்குக்கூடக் கிடையாது. ஆனாலும் அந்த ஊரில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கற்றார்கள். காரணம் அவளுடைய கால். பயிற்சிப் பள்ளியின் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். இரண்டையும் ஒரு கம்பி சேர்த்துப் பிடித்திருக்கும். இங்கே மிதித்தால் அங்கே அமுங்கும், அங்கே மிதித்தால் இங்கே அமுங்கும். அந்தப் பெடல்மேல் வலது காலை லேசாக வைத்தபடி அக்கா உட்கார்ந்திருப்பாள். வாய் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருக்கும், கால் பாட்டுக்குக் காவல் இருக்கும். எத்தனை சுவரும் நாயும் சைக்கிள்காரரும் அந்தக் காலின் தயவில் பிழைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்! அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பள்ளி முதலாளியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் கடை. பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை, இப்படி மொத்தமாகத் தைத்துக் கொடுப்பார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். கார் என்றால் அவருக்கு ஆகாது. தைத்த மூட்டைகளை அக்காதான் காரில் ஏற்றிப் போய் இறக்குவாள், அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கூட வருவார். அந்தப் பழைய கார் போன மழையோடு படுத்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்றானபோதுதான் வீட்டில் சண்டை மூண்டது.

அக்கா சாதாரண மாடல் போதும் என்றாள். தையல்காரரோ எல்லாப் பாதுகாப்பு வசதியும் உள்ள பெரிய மாடல்தான் வேண்டும் என்றார். முன்னால் போகிற வண்டி நின்றால் அது தானாகப் பிரேக் போடுமாம், கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குமாம், பின்னால் யாராவது நெருங்கினால் கண்ணாடியில் விளக்கு எரியுமாம். இதையெல்லாம் யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அடம்பிடிக்காத மனிதர் இதில் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார்.

"நானே ஊருக்கு பிரேக். எனக்கு எதுக்கு மெஷின் பிரேக்?" என்றாள் அக்கா.

"ஊருக்கெல்லாம் நீ பிரேக் போடற. உனக்கு யாரு போடுவா?" என்று கேட்டுவிட்டு அவர் குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. அதற்கப்புறம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்மேல் நம்பிக்கை இல்லாமல் பேசுகிறார் என்ற கோபம் என்று வெளியில் காட்டிக்கொண்டாள். உள்ளே இருந்தது கோபமே இல்லை, பயம்.

ஏனென்றால் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒன்று நடந்திருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து குளியலறையில் கால் கழுவும்போது, வலது பாதத்தின் அடியில் ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தால் குண்டூசி. கணவரின் கடையறையைக் கடந்து வரும்போது ஏறியிருக்கவேண்டும். தலைவரைக்கும் உள்ளே இறங்கியிருந்தது. அதோடுதான் அவள் சமையலறைக்குப் போயிருக்கிறாள், துணி மடித்திருக்கிறாள், படியேறி இறங்கியிருக்கிறாள். வலிக்கவே இல்லை. பிடுங்கியபோதும் வலிக்கவில்லை. நகத்தால் பாதத்தைக் கீறிப் பார்த்தாள். யாருடைய காலையோ கீறுவதுபோல இருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கிற டாக்டர், அவள் போகும்போதெல்லாம் கேட்பார், பாதத்தில் மரமரப்பு ஏதாவது உண்டா என்று. இவள் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே வந்திருந்தாள். ஊசியைக் கொண்டுபோய் கணவரின் மேஜையில் இருந்த குண்டூசிப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி விளக்கைப் போட்டாள். அவளை ஊரே பிரேக் அக்கா என்கிறது. அதிலிருந்து பிரேக்கை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

மறுநாளிலிருந்து மெல்லிய அடியுள்ள ஷூ போட்டுப் பார்த்தாள். பெடலை மிதிக்கும்போது கண்ணால் குனிந்து பார்த்துக்கொண்டாள். சமாளித்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய் சொல்லப் பழகாதவர்கள் தங்களிடமே சொல்லிப் பழகுவார்கள் போலிருக்கிறது.

அப்போது அவளிடம் ஒரு நர்ஸ் கற்றுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எப்பேர்ப்பட்ட காயத்தையும் கை நடுங்காமல் கட்டுகிற பெண், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வெடவெடவென்று நடுங்குவாள். "நீங்க பக்கத்துல இருக்கீங்கற தைரியத்துலதான் அக்கா ஓட்டறேன்" என்று தினமும் ஏறும்போதே சொல்லிவிடுவாள்.

ஒரு காலை, கிடங்குகள் இருக்கிற தெருவில் அவர்கள் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு லாரி கேட்டுக்குள்ளிருந்து சட்டென்று பின்பக்கமாக வெளியே வந்தது. அக்காவின் வாய் "பிரேக்" என்று கத்தியது. கார் குலுங்கி நின்றது. லாரியின் பின்பலகை கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. நர்ஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நீங்கள் மட்டும் மிதிக்காவிட்டால் நான் இன்றைக்கு என் வார்டிலேயே படுத்திருப்பேன் என்றாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். பக்கத்து சீட்டுப் பெடல் முழுக்க அமுங்கியிருந்தது. அவள் கால் அதன்மேல் இல்லை. எப்போதோ நழுவி, பெடலுக்கு இந்தப் பக்கம், காரின் தரைவிரிப்பின்மேல் கிடந்தது. மிதித்தது நர்ஸ். அவள் மிதித்ததால்தான் இந்தப் பெடலும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. இதைச் சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். ஆனால் வெளியே வந்தது வேறு. "அழாம வண்டிய ஓரங்கட்டு" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சேரவேண்டிய பெருமையை இவள் கூசாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள், அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

அந்த வாரமே கார் ஷோரூமுக்குப் போனார்கள். தையல்காரர் கெஞ்சியதால், பெரிய மாடலை ஒருமுறை ஓட்டிப் பார்க்க மட்டும் அக்கா சம்மதித்தாள். வாங்குவதாக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். விற்பனைக்காரர் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தார், தையல்காரர் பின்னால் நடுவில் உட்கார்ந்து முன் சீட்டுகளுக்கு இடையே தலையை நீட்டிக்கொண்டார். அந்தச் சட்டையின் தோள் தையல் கோணல் என்று அவர் இறங்கும்வரை சொல்லவில்லை என்றால், அவர் மனசு வேறெங்கோ இருந்தது என்று அர்த்தம்.

கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, ரேடார் முன்பக்க மூக்குக்குள் இருக்கிறது என்று விற்பனைக்காரர் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். மழையிலும் மூடுபனியிலும் கேமராவுக்குக் கண் மங்கலாம், எல்லா நேரமும் அதையே நம்பக்கூடாது என்பதையும் மென்று விழுங்கிச் சொன்னார். அக்கா காதில் வாங்கவில்லை. பெரிய சாலையில் முன்னால் ஒரு வேன். கார் நன்றாகத்தான் ஓடியது. அவளுக்கே கொஞ்சம் ஆசைகூட வந்தது.

வேனின் சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அக்கா காலைத் தூக்கி மிதித்தாள். பலமாகத்தான் மிதித்தாள். வேன் கிட்டே கிட்டே வந்தது. எங்கேயோ மணி அலறியது, சீட் பெல்ட் மார்பை இறுக்கியது, கார் தானாக மூக்கைக் குத்தி நின்றது. வேனுக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம்தான் பாக்கி.

அவள் குனிந்தாள். கால் இரண்டு பெடலுக்கும் நடுவில், வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. இன்னும் மிதித்துக்கொண்டே இருந்தது.

விற்பனைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் வேண்டுமென்றே பிரேக் போடாமல் சோதித்துப் பார்த்தீர்கள், இதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் இந்தத் துணிச்சல் வந்ததில்லை என்று புகழ்ந்து தள்ளினார். தப்பிக்க ஒரு சந்து கிடைத்தது, அக்கா புகுந்துவிட்டாள். ஆமாம், வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னாலிருந்த தையல்காரர் சாலையைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, சரி, பெரிய மாடலையே எடுங்கள் என்றாள். வழி நெடுக யோசித்து வந்த கணக்கு அது. அந்தக் காரில் போனால் அவள் குறை யாருக்கும் தெரியாது. அவள் தவறவிட்டதை அது பிடித்துக்கொள்ளும். தையல்காரர் மிஷினுக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த அளவு டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேப்பால் எந்தக் கண்ணீரைத் துடைக்க முடியும்!

அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. இப்போது அழுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் இழுப்பறையைத் திறந்து உருண்டையான காந்தம் ஒன்றை எடுத்து வைத்தார். அதைச் சுற்றிக் குண்டூசிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பஞ்சுல நீ குத்தி வச்ச ஊசியில ரத்தம் காஞ்சிருந்தது, நீயோ வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை" என்றார். "அன்னிலேர்ந்து நீ வர்றதுக்கு முன்னாடி இதை வச்சுத் தரை பூரா தடவிடறேன்."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நின்றது அவள்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. தெரிந்துதான். எல்லாம் தெரிந்துதான், அவளிடம் சொல்ல வாய் வராமல், சொல்லாமலே அவளைக் காப்பாற்ற ஒரு காரைத் தேடியிருக்கிறார் இந்த மனிதர். ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு இளகியது. அடுத்த நிமிஷமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சும் தினமும் என்னைப் பயிற்சி வண்டிக்கு அனுப்பினீங்களா?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நானா சொன்னா உன்னை உயிரோட கொன்ன மாதிரி ஆயிடும்னு பயம்."

"நம்ம வண்டிக்கு பிரேக் வாங்கிட்டீங்க. அந்தப் பொண்ணு ஓட்டற வண்டிக்கு?"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். கேள்வி கேட்ட அக்காவுக்கே அது எங்கே போய்த் தைக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவர் மறைத்தது ஊசியை. இவள் மறைத்தது காலை. நாளைக் காலையில் அந்த நர்ஸ் வந்து, நீங்கள் இருக்கிற தைரியம் என்று சொல்லி ஏறுவாள், இவள் செத்த காலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அடுத்த லாரிக்கும் அந்தப் பெண்ணே மிதிப்பாள் என்பதற்கு யார் உத்தரவாதம்? அக்காவுக்கு அழுகை வந்தது. அவள் அழுது பார்த்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. அன்றைக்குத் தையல்காரர் பார்த்தார்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பழைய குரலில் உத்தரவு போட்டாள். "அந்தப் பெரிய மாடலையே எடுங்க. ஆனா ஓட்டப்போறது நீங்க. இத்தனை வருஷமா மிஷின் மிதிச்ச காலு. இந்த வீட்டுல இப்ப உருப்படியான காலு அதுதான்."

அவருக்கு முகம் வெளிறியது. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அக்கா முதலில் பள்ளி முதலாளியைப் போனில் கூப்பிட்டுக் காலைப் பற்றிச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை, கடைசியில் வகுப்பறையில் விதிகள் சொல்லிக்கொடுக்கலாமே, நாளை வண்டிக்கு வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். சரி என்றாள்.

அடுத்து நர்ஸ். அவளிடம் காலைப் பற்றி எதையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். வேறு யார் உட்கார்ந்தாலும் என்னால் முடியாது, நான் கற்றுக்கொள்வதையே விட்டுவிடுகிறேன், அன்றைக்கு லாரி வந்தபோது நீங்கள் மிதிக்காவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றாள்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு என் காலு தரையில கெடந்துச்சு. பிரேக் போட்டது நீ."

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு, நிஜமாகவா அக்கா, அல்லது என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறீர்களா என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"நான் என்னிக்கு உன்னைப் புகழ்ந்திருக்கேன்?" என்றாள் அக்கா. "காலையில நேரத்துக்கு வந்து சேரு."