இல்லாத சிலாப்பை எடுக்கும் தீர்மானம்

வார்டு உறுப்பினர் வேலையில் விடுமுறை நாள் கிடையாது. குழாயில் தண்ணீர் வராத காலையில் நம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. கையில் மனுவோடு ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மகள் தூங்கினால்தான் நோட்டும் பேனாவும் என் கைக்கு வரும். இப்போது தூங்குகிறாள்.

நான் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவள் இல்லை. கேஸ் சிலிண்டர் மாற்றப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம், யாராவது என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் பயம். எங்கள் பேரூராட்சியில் ஏழாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. போன முறை மனைவி ஜெயித்து, கணவர்தான் கடைசிவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலுத்துப்போன தெருக்காரர்கள் இந்த முறை புருஷன் சிங்கப்பூரில் இருக்கிற பெண்ணாகத் தேடினார்கள். அகப்பட்டவள் நான். கான்வென்ட்டில் படித்ததால் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது கூடுதல் தகுதி.

நான் சம்மதித்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். எங்கள் தெரு அங்கன்வாடி வாசலை ஒட்டி ஒரு சாக்கடை வாய்க்கால் திறந்து கிடந்தது. ஆழம் என் இடுப்பளவு. என் மகள் ஷெரினுக்கு மூன்று வயது. அவளுடைய உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். தினமும் அவளைத் தூக்கித்தான் அந்தப் பக்கம் விடுவேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தெருவும் வாய்க்காலும் ஒரே தண்ணீராகிவிடும். எது தரை, எது பள்ளம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. மழைக்கு முன்னால் அதன்மேல் ஒரு காங்கிரீட் சிலாப் விழ வேண்டும். என் வாக்குறுதி, கொள்கை, லட்சியம் எல்லாமே அந்த ஒரு சிலாப்தான்.

தூக்கிய கை

முதல் கூட்டத்துக்குப் போனபோது வாசலில் நின்று "மே ஐ கம் இன்" என்று கேட்டுவிட்டேன். கான்வென்ட்டின் பன்னிரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. தலைவர் டிராக்டர் வைத்து விவசாயம் செய்கிறவர், நல்ல மனிதர். தன்னிடம் யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லையே என்று எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள். கூட்டம் தேசிய கீதம் பாடாத குறையாகத் தொடங்கியது.

சிலாப்பைப் பற்றிப் பேசவேண்டும். பேசவேண்டுமென்றால் கையைத் தூக்கவேண்டும் என்பது சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தூக்கினேன். யாரும் "யெஸ்" என்று சொல்லவில்லை. சொல்லும்வரை இறக்கக்கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. வலது கை வலித்தபோது இடது கையால் தாங்கிக்கொண்டேன். கூட்டமே முடிந்துவிட்டது.

தீர்மானப் புத்தகம் எழுதுகிற கிளார்க் சிதம்பரம் அண்ணன், கையெழுத்துக்காகப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். முதல் கூட்டம் என்பதால் ஐந்தே தீர்மானம். ஐந்திலும் "ஏழாவது வார்டு உறுப்பினர் கையுயர்த்தி ஆதரித்தார்" என்று இருந்தது. ஐந்தாவது தீர்மானம், எங்கள் வார்டுக்குச் செவ்வாய்க்கிழமை வருகிற தண்ணீர் லாரியை ஐந்தாவது வார்டுக்கு மாற்றுவது. நான் அந்த வரியை இரண்டு தரம் படித்ததைப் பார்த்து அண்ணன் ஆறுதலாகச் சொன்னார்: "கை வலிக்கலையாம்மா? மத்தவங்கெல்லாம் தலையத்தான் ஆட்டுனாங்க. ஒங்க வார்டு தண்ணிய விட்டுக்குடுக்க இவ்வளவு பிடிவாதமா நின்னது நீங்க ஒருத்தங்கதான்."

வடைக்கு முன், வடைக்குப் பின்

இரண்டு கூட்டம் போனபிறகுதான் எனக்கு நடைமுறை பிடிபட்டது. பொருள் பட்டியலில் எதற்கு எந்த எண் என்பது முக்கியமில்லை. வடை எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். பதினொன்றரைக்கு டீயும் உளுந்த வடையும் வரும். வடைக்கு முன்னால் வாசிக்கப்படுகிற பொருளெல்லாம் நிறைவேறும். வடைக்குப் பிறகு உறுப்பினர்கள் கை துடைக்கப் போவார்கள். போனவர்கள் அப்படியே பைக்கை எடுப்பார்கள். மனு எழுதிக் கொடுத்து நான் சேர்த்த சிலாப் இருபத்தேழாவது பொருள். வடை எப்போதும் இருபதில் வந்துவிடும்.

பயந்து பயந்து டீக்கடைக்காரரிடம் போய், அடுத்த கூட்டத்துக்கு மட்டும் அரைமணி நேரம் தாமதமாக வரமுடியுமா என்று கேட்டேன். ஏதோ கொலைக்குத் திட்டம் போடுவதுபோல எனக்கு வேர்த்தது. அவர் காரணமே கேட்கவில்லை. அன்றைக்குப் பதினொன்று நாற்பதுக்கே சபையில் அமைதி குலைந்தது. ஒருவர் ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். இருபத்தொன்றிலிருந்து இருபத்தேழு வரை தலைவர் ஒரே மூச்சில் வாசிக்க, எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது. என் சிலாப்பும் நிறைவேறியது. ஐந்தாவது வார்டு உறுப்பினர் காலித் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லாத்தையும் போட்டுக்கங்கய்யா. வடையில்லாத எடத்துல நமக்கென்ன ஆட்சேபணை."

நல்வரவு

தீர்மானம் நிறைவேறினால் சிலாப் வந்துவிடும் என்று நினைக்கிற அப்பாவிகளே, நானும் ஒரு மாதம் அப்படித்தான் நினைத்தேன். தினமும் போய்க் கேட்டேன். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் துப்புரவு மேஸ்திரி கருப்பையா அண்ணன் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஊர் எல்லையில் நின்ற எங்கள் பேரூராட்சியின் வரவேற்புப் பலகையைச் செங்கல் லாரி ஒன்று இடித்துச் சாய்த்திருந்தது. கெட்டியான இரும்புத் தகடு, சுற்றிலும் ஆங்கிள் சட்டம். அதைக் கொண்டுவந்து வாய்க்காலின்மேல் போட்டார். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

"தங்களை அன்புடன் வரவேற்கிறது" என்ற எழுத்தின்மேல் பிள்ளைகள் சேற்றுக்காலோடு நடந்து உள்ளே போனார்கள். அங்கன்வாடி டீச்சர் செல்வி அக்காவுக்கு ஒரே சந்தோஷம்; 'அ' எழுத்தைச் சொல்லிக்கொடுக்க வாசலுக்கு வந்தாலே போதும். சிதம்பரம் அண்ணன் நேரில் வந்து, பலகையின்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, "மூடப்பட்டது" என்று புத்தகத்தில் எழுதினார். தற்காலிகம் என்று சேர்க்கலாமே என்று இழுத்தேன். கருப்பையா அண்ணன் குறுக்கே வந்தார்: "பயப்படாதீங்க மெம்பரம்மா. இத்தனை வருசமா நின்னு நின்னு அதுக்கும் கால் ஓஞ்சுருக்கும். இனிமே இங்கிட்டே படுத்துக் கெடக்கட்டும்."

ஒற்றைச் செருப்பு

வாய்க்கால்மேல் பலகை விழுந்தபிறகு நான் ஒரு பயத்தை விட்டேன். வாழ்க்கையில் நான் விட்ட ஒரே பயம் அதுதான். ஷெரினின் கையை விட்டுவிட்டு, அவளை முன்னால் ஓடவிட்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. ஊருக்கு வரவேற்புப் பலகை இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? ஒருநாள் விடியற்காலையில் ஆள்விட்டு வாய்க்கால்மேல் கிடந்த பலகையை எடுத்து, கழுவி, பழைய இடத்தில் நட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டரை மணிக்கு என் மகள் வழக்கம்போல முன்னால் ஓடி, வழக்கம்போலக் கால் வைத்தாள். படியில் நின்ற செல்வி அக்கா எட்டிக் கவுனைப் பிடித்துத் தூக்கினார். ஒரு செருப்பு மட்டும் உள்ளே போனது. நான் அழவில்லை. "தேங்க்யூ டீச்சர், தேங்க்யூ டீச்சர்" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மிச்சமிருந்த ஒற்றைச் செருப்போடு ஆபீசுக்குப் போய், அதைச் சிதம்பரம் அண்ணன் மேஜையில் வைத்தேன். சேறு ஒட்டிய ஷூவோடு வகுப்புக்குள் நுழையவே பயந்தவள் நான். அண்ணன் பதறி எழுந்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். பிறகு புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தில் விரல் வைத்தார்: "நான் எழுதுனதுல தப்பில்லம்மா. இங்க இன்னமும் மூடித்தான் இருக்கு."

எடுக்கும் தீர்மானம்

மூடியிருக்கிற வாய்க்காலுக்கு இன்னொரு மூடி போட விதியில் இடமில்லையாம். அடித்து எழுதலாமே என்றேன். தீர்மானப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். தலைவர் நெடுநேரம் மோவாயைத் தடவிவிட்டு ஒரு வழி சொன்னார். போட்டதாக எழுதியாகிவிட்டது, எடுத்ததாகவும் எழுதிவிட்டால் வாய்க்கால் திறந்துவிடும், திறந்த வாய்க்காலுக்கு எத்தனை மூடி வேண்டுமானாலும் போடலாம். அந்த வார்டு உறுப்பினர்தான் முன்மொழிய வேண்டும். ஆக, என் மகள் படிக்கிற அங்கன்வாடி வாசலில் இருக்கிற சிலாப்பை அகற்றுமாறு, நானே என் கையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டேன்.

தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாளே மனு வந்தது. பொதுமக்களுக்குப் பயன்படும் சிலாப்பை அகற்றும் ஏழாவது வார்டு உறுப்பினரைக் கண்டித்து, தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கையெழுத்து இட்லிக்கடை ரத்தினம் அக்காவுடையது. அவருடைய கடை வாய்க்காலுக்கு நேர் எதிரில். இட்லிப் பானையை இறக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தைத்தான் பார்க்கிறார். ஆட்சேபணை வந்ததால் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

நான் கடைக்கு ஓடினேன். அங்கே சிலாப்பே இல்லை, எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதைத்தான் எடுக்கச் சொன்னேன் என்று மூச்சுவாங்க விளக்கினேன். அக்கா எனக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, சாம்பார் வாளியைக் கலக்கியபடி சொன்னார்: "இல்லைங்கிறது எனக்குத் தெரியாதா? இல்லாத சிலாப்பையே எடுக்கச் சொல்றவ, இருக்குற கொழாய விட்டுவைப்பியா?"

ஒரு கையெழுத்து குறைகிறது

மழை வந்துவிட்டது. முதல்நாள் மழையிலேயே தெரு நிரம்பியது. அன்றைக்குக் கூட்டம். நான் போகவில்லை. செல்வி அக்காவும் நானுமாகப் பதின்மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தூக்கி அங்கன்வாடிப் படியில் சேர்த்தோம். நல்ல முகூர்த்த நாள் வேறு. பாதி உறுப்பினர்கள் புதுக்கோட்டை மண்டபத்தில் பந்தியில் இருந்தார்கள். கூட்டம் செல்லுபடியாக ஒரு கையெழுத்து குறைந்திருக்கிறது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீர்மானப் புத்தகத்தோடு சிதம்பரம் அண்ணன் தெருவுக்கு வந்துவிட்டார்.

அந்தக் கரையில் நின்று, ஒரே ஒரு கையெழுத்து, வந்து போட்டுவிட்டுப் போய்விடுங்கள் என்றார். எனக்கு இடுப்பே கழன்றுவிட்டது, நீங்களே இங்கிட்டு வாங்க அண்ணே என்றேன். பள்ளத்தைத் தாண்டிக் கால் வைக்கச் சொல்ல வாயெடுத்தேன். மாதா சத்தியமாக வாயெடுத்தேன். அதற்குள் அவர், தான் "மூடப்பட்டது" என்று எழுதிய இடத்திலேயே கம்பீரமாகக் கால் வைத்தார்.

குடை மிதந்து போனது. அண்ணன் இடுப்புவரை உள்ளே நின்றார். புத்தகத்தை மட்டும் இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்கள் இருவரும் இழுத்துக் கரையேற்றி, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அவரை உட்காரவைத்தோம். புத்தகத்தில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. வேட்டியைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்: "இடுப்பளவு ஆழம்னு மனுவுல எழுதியிருந்தீங்க. பொம்பளப்புள்ள, பயத்துல கூட்டி எழுதியிருக்குன்னுல்ல நெனச்சேன். சரியாத்தான் இருக்கும்மா."

பிறகு பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, சிலாப் வரட்டும் அண்ணே, அதன்மேல் நின்று போடுகிறேன் என்றேன். என் குரல்தானா என்று செல்வி அக்கா திரும்பிப் பார்த்தார். நனைந்த வேட்டியோடு அண்ணனே தலைவருக்குப் போன் போட்டார். இந்த முறை விதி எதுவும் அவர் வாயில் வரவில்லை. மூன்று மணிக்குள் தலைவருடைய டிராக்டரிலேயே சிலாப் வந்து இறங்கியது. வேறு வேலைக்காகச் செய்து, நாலு மாதமாக மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடந்த சிலாப்பாம். கருப்பையா அண்ணனும் நாலு ஆட்களும் கடப்பாரையால் நெம்பிப் பொருத்தினார்கள். எடுத்ததாகவும் போட்டதாகவும் ஒரே பக்கத்தில் இரண்டு தீர்மானம் எழுதி, சிதம்பரம் அண்ணன் புத்தகத்தை நீட்டினார். நான் சிலாப்பின்மேல் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலாலும் மூன்று முறை குதித்துப் பார்த்தபிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

எதிர்க்கடையிலிருந்து ரத்தினம் அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றார். ஷெரினைத் தூக்கிச் சிலாப்பின் நடுவில் விட்டு, நன்றாக நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இப்பத்தான் மெம்பரு ஒரு காரியம் பண்ணியிருக்கே. அடுத்த கூட்டத்துல மட்டும் தயவுசெஞ்சு கைய மடியில வச்சுக்க."

புத்தகப்படி இரண்டு முறை மூடி ஒரு முறை திறந்த அந்த வாய்க்காலை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் இன்றைக்கும் கடக்கிறேன்.